மேகத்தோடு ஒரு வான்நோக்கு நிகழ்ச்சி: தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பிள்ளைகளுக்கு நடத்துவது எப்படி

முதல் தடவை அக்டோபரில் நடத்தினோம். பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளி மைதானம், 140 பிள்ளைகள், ஒரே ஒரு தொலைநோக்கி. ஆறரைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஏழுக்குக் கொட்டத் தொடங்கியது. வேன்காரரிடம் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தோம். அதுவரை பிள்ளைகள் சத்துணவுக் கூடத்துத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குக் காட்ட எங்கள் கையில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது தடவை பிப்ரவரி. மதியம் இரண்டு மணிக்கு வானம் முழுக்க மேகம். முந்தைய அனுபவத்தில் பயந்துபோய் ரத்து செய்துவிட்டோம். இரவு ஏழரைக்கு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தால் ஒரு பொட்டு மேகம் இல்லை.

மேகத்தை நம்மால் நிறுத்த முடியாது. ஆனால் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், கொடுக்கும் ஒவ்வொரு முன்பணத்திலும் அதற்கு இடம் விட்டு வைக்கலாம். சாரணர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், வாசகர் வட்டம் என்று எந்தக் குழுவை வைத்து நீங்கள் நடத்தினாலும் கீழே உள்ள வரிசையில் போனால் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டியிருக்காது.

1. மாதமும் திதியும்

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் நல்ல காலம் பொங்கல் கழிந்து மார்ச் கடைசி வரை. ஏப்ரல், மே மாதங்களில் பகல் சூட்டுக்கு மாலையில் இடிமழை திரளும். மாங்காய் உதிர்கிற அந்தக் காற்றில் தொலைநோக்கி நிற்காது, மின்னல் வேறு. ஜூன், ஜூலையில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். இடைவெளி கிடைக்கும், ஆனால் நம்பிக் கூட்டம் கூட்ட முடியாது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை இரவு மழைக் காலம், வேண்டவே வேண்டாம். நவம்பரில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் வந்தால் மூன்று நான்கு நாள் வானமே தெரியாது. டிசம்பர் பாதிக்கு மேல் பரவாயில்லை, பனிதான் தொல்லை. மார்ச்சில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு இருப்பதால் அந்தப் பிள்ளைகளைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள்.

அப்புறம் திதி. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரே போதும். வளர்பிறை பஞ்சமி முதல் தசமிக்குள் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சூரியன் மறையும்போதே நிலா மேலே நிற்கும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டில் நிலாவின் பள்ளங்கள் குழி குழியாகத் தெரியும். பௌர்ணமியில் அந்த நிழல் இருக்காது, நிலா வெறும் வெள்ளைத் தட்டாகக் கண் கூசும்.

புதிதாக நடத்துகிறவர்கள் பலர் அமாவாசையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பால்வீதி பார்க்க அது சரி. ஆனால் மேகம் நிச்சயமில்லாத ஊரில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு அமாவாசையில் நிற்காதீர்கள். மெல்லிய மேகம் வந்தாலே மங்கலான பொருள் எல்லாம் போய்விடும். நிலா அப்படியில்லை, மெல்லிய மேகத்துக்குள்ளிருந்தும் தெரியும். மேகத்துக்கு எதிராக நம்மிடம் இருக்கும் ஒரே காப்பீடு அரை நிலாதான்.

இதில் ஒரு சிக்கல் வரும். அரை நிலா என்றால் அஷ்டமி, நவமியை ஒட்டித்தான். “அஷ்டமியில போய் புதுசா ஒண்ணு தொடங்குறீங்களே” என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்பார்கள். வாதம் செய்ய வேண்டாம், சஷ்டியோ சப்தமியோ வைத்துக்கொள்ளுங்கள், நிலா அன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கும். அவர்களுக்குச் சம்மதம் என்றால் அஷ்டமியில் ஒரு வசதி உண்டு. அன்றைக்குக் கல்யாணம் இருக்காது, மைக் செட் இருக்காது, வேனும் சும்மா நிற்கும்.

மாற்று நாளையும் இப்போதே குறியுங்கள். அடுத்த வாரம் என்று போடாதீர்கள், அதற்குள் நிலா பௌர்ணமியைத் தொட்டுவிடும். வெள்ளி முதல் நாள், சனி மாற்று நாள் என்பது எங்களுக்குச் சரியாக வந்தது. இரண்டுமே போனால் அடுத்த மாதம் அதே திதி, அதாவது 29 அல்லது 30 நாள் கழித்து.

2. இடம்: மலையும் காடும் வேண்டாம்

இருட்டான இடம் தேடி வத்தல்மலை, அஞ்செட்டி, ஜவளகிரி என்று போகத் தோன்றும். பிள்ளைகளோடு போகாதீர்கள். மலை மேல் மேகம் தங்கும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வட்டாரம் யானை நடமாடும் பகுதி. கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் யானைகள் வயலுக்கே வரும், பாலக்கோடு, பென்னாகரம் பக்கமும் இந்தத் தொந்தரவு உண்டு. வனத்துறை நிலத்தில் இரவில் இருக்க அனுமதி கேட்பது தனி வேலை, முதல் நிகழ்ச்சிக்கு அது வேண்டாம்.

நிலா, வியாழன், சனி மூன்றுக்கும் இருட்டு தேவையே இல்லை. ஓசூரின் சிப்காட் வெளிச்சத்துக்கு நடுவிலும் அவை நன்றாகத் தெரியும். ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளி மைதானம்தான் சிறந்த இடம். அதில் பார்க்க வேண்டியவை: 60 பேர் ஒதுங்கக்கூடிய, பூட்டாத வகுப்பறை அல்லது கூடம் 50 அடிக்குள் இருக்க வேண்டும், கழிவறை திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும், கிழக்கிலும் தெற்கிலும் மேற்கிலும் மரம் மறைக்கக் கூடாது.

பகலில் ஒருமுறை மைதானத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். நம் பக்கம் சுற்றுச்சுவர் இல்லாத விவசாயக் கிணறுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கிருஷ்ணகிரிப் பக்கம் கல் எடுத்துவிட்டு மூடாமல் போட்ட குழிகளும் உண்டு. விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை இருட்டில் நிறுத்தப் போகிறோம். கிணறோ குழியோ மைதானத்தை ஒட்டி இருந்தால் வேறு இடம் பாருங்கள். கயிறு கட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஊர்த் திருவிழா, எருது விடும் விழா தேதிகளையும் விசாரித்துவிடுங்கள். சீரியல் செட் விளக்கு எரியும் இரவில் நட்சத்திரம் காட்ட முடியாது.

3. கடிதங்கள்: எல்லாவற்றிலும் இரண்டு தேதி

நாங்கள் அதிகம் அலைந்தது இங்கேதான். முதல் கடிதத்தில் ஒரே தேதி போட்டோம். மழையில் அது போனதும் மறுபடி எல்லாக் கடிதமும் முதலிலிருந்து. ஓர் அலுவலகத்தில் மட்டும் 19 நாள் காத்திருந்தோம். இப்போது எல்லாவற்றிலும் இந்த வரியைச் சேர்க்கிறோம்: “வானிலை காரணமாக அன்று நடத்த இயலாவிட்டால் மறுநாள் அதே நேரத்தில், அதே இடத்தில் நடத்த அனுமதி வேண்டுகிறோம்.”

தேவைப்படும் தாள்கள்:

தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் ஒரு கடிதம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை வேறு இடத்துக்கு இரவில் அழைத்துப் போவதானால் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் தலைமையாசிரியர் வழியாக எழுத வேண்டியிருக்கும். இதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். அதே பள்ளியின் மைதானத்திலேயே வைத்தால் இந்த வேலை பெரும்பாலும் குறையும்.

பெற்றோர் சம்மதப் படிவம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் இருவர் கைபேசி எண், யார் வந்து அழைத்துப் போவார்கள், ஆஸ்துமா, வலிப்பு போன்றவை உண்டா என்ற கேள்வி, இரண்டு தேதியும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள்.

காவல் நிலையத்துக்குத் தகவல் கடிதம். இரண்டு படி எடுத்துப் போய் ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி வைப்பதானால் அனுமதியே கேட்க வேண்டும்; இரவு 10 மணிக்கு மேல் அது சட்டப்படி கூடாது. 60 பிள்ளைகளுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பது என் கருத்து. இருட்டில் மெல்லப் பேசினால் தானாக அமைதியாகிவிடுவார்கள்.

ஊராட்சிக்கு ஒரு கடிதம், தெருவிளக்குக்காக. கடிதம் தலைவருக்குப் போனாலும் சுவிட்ச் இருப்பது பல ஊர்களில் தண்ணி டேங்க் ஆபரேட்டர் கையில். அவரைத் தனியாகப் போய்ப் பாருங்கள். எங்கள் ஊர் ஆபரேட்டர் அண்ணன், “எந்த லைட்டு, எத்தன மணிக்கு, எத்தன நேரம், மூணையும் சீட்டுல எழுதிக் குடுங்க” என்றார். எழுதிக் கொடுத்தோம். அன்றைக்கு ஏழு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் மைதானத்தை ஒட்டிய இரண்டு விளக்கும் அணைந்தன. அவருடைய மகனும் வரிசையில் நின்றிருந்தான்.

4. செலவு

60 பிள்ளைகளுக்கு எங்களுக்கு ஆனது: சுண்டலும் டீயும் 1,500 ரூபாய், ஜமக்காளம், தார்ப்பாய் வாடகை 600, தொலைநோக்கி கொண்டுவந்து போகப் பெட்ரோல் 800, நகல், சிவப்புக் கண்ணாடித் தாள், சில்லறை 250. மொத்தம் 3,150. வேன் வைத்தால் மேலும் 3,000 ரூபாய் ஆகும். அதனால்தான் பிள்ளைகள் நடந்து வரக்கூடிய இடத்தைப் பாருங்கள் என்கிறேன்.

முன்பணம் கொடுக்கும்போதே, “மழை வந்தா இதே பணம் மறுநாளுக்குச் செல்லும்” என்று பேசி, ரசீதின் பின்னால் எழுதி வாங்குங்கள். சுண்டலுக்கு மாலை நான்கு மணிக்கு மேல்தான் கடலையை வேகவைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஏன் நான்கு மணி என்பது பின்னால் வருகிறது.

5. கருவிகளும் வரிசைக் கணக்கும்

தொலைநோக்கியை முதலில் வாங்காதீர்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் மாவட்டக் கிளையில், பக்கத்துக் கல்லூரி இயற்பியல் துறையில் கேட்டுப் பாருங்கள். கருவியை இயக்கத் தெரிந்தவரும் கூட வந்தால் பெரிய உதவி. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு 10×50 இருகண்நோக்கி (பைனாகுலர்) வாங்குங்கள். அது இல்லாமல் நேராக 8 அங்குல டாப்சோனியனுக்கு (தரையில் வைத்துத் திருப்பும் பெரிய கண்ணாடித் தொலைநோக்கி) போனவர்கள் பலருக்கு அது பரணில்தான் இருக்கிறது.

கணக்கு இதுதான். ஒரு பிள்ளைக்கு 40 வினாடி. 60 பேர் ஒரு சுற்று வர 40 நிமிடம். அதனால் ஒரு தொலைநோக்கிக்கு 30 பேருக்கு மேல் வைக்காதீர்கள். 140 பேருக்கு ஒன்று வைத்த எங்கள் கணக்கு மழை வராமல் இருந்திருந்தாலும் நடந்திருக்காது.

பெரிதாகக் காட்ட வேண்டும் என்று சிறிய கண்ணருகு வில்லையைப் போடாதீர்கள். 1,200 மி.மீ. குவியத் தூரம் உள்ள டாப்சோனியனில் 25 மி.மீ. வில்லை போட்டால் 48 மடங்கு. வட்டத்துக்குள் சுமார் ஒரு பாகை (டிகிரி) வானம் தெரியும். பூமி சுழல்வதால் பொருள் அந்த வட்டத்தை நான்கு நிமிடத்தில் கடந்துவிடும். அதாவது மூன்று நான்கு பிள்ளைகளுக்கு ஒருமுறை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். மடங்கைக் கூட்டினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தேடித் தர வேண்டியிருக்கும். வரிசை நின்றுவிடும்.

கூடவே வேண்டியவை: உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு ஓர் உறுதியான ஸ்டூல், டார்ச்சில் ஒட்டச் சிவப்புத் தாள், தொலைநோக்கியை மூடப் பருத்தி வேட்டி. ஜனவரியில் எட்டு மணிக்கு மேல் வில்லையில் பனி படியும். துடைக்காதீர்கள், கீறல் விழும். மூடி வைத்து, சிறிது நேரம் கையின் சூட்டில் பிடித்தால் போய்விடும்.

பச்சை லேசர் சுட்டி இருந்தால் ஒரே ஒரு பெரியவர் கையில் இருக்கட்டும். பெங்களூரு விமானங்கள் நம் தலைக்கு மேல்தான் போகின்றன. விமானத்தின் பக்கம் அதைத் திருப்பக் கூடாது.

6. வானிலை: எப்போது, எதைப் பார்ப்பது

மூன்று நாள் முன்பு: சென்னை மண்டல வானிலை மையத்தின் மாவட்ட முன்னறிவிப்பு. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை இருந்தால் அப்போதே மாற்று நாளுக்குப் போய்விடுங்கள்.

அன்று மதியம்: எதையும் முடிவு செய்யாதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மதியத்தில் பஞ்சுப் பொதி மாதிரி தனித்தனியாக நிற்கும் மேகம் தரைச் சூட்டில் எழுவது. வெயில் இறங்கியதும் பல நாள் கரைந்துவிடும். எங்கள் பிப்ரவரித் தவறு இந்த மேகத்தைப் பார்த்துப் பயந்ததுதான். அதே மேகம் மேலே மேலே வளர்ந்து, தலை பரந்து, அடி கறுத்தால் அது இடிமேகம். அதற்குப் பயப்பட வேண்டும்.

நான்கு மணி: இதுதான் முடிவு நேரம். இன்சாட் செயற்கைக்கோள் படத்தை வானிலைத் துறைத் தளத்தில் திறந்து, கடைசி இரண்டு மணி நேரப் படங்களை வரிசையாகப் பாருங்கள். மேகம் வளர்கிறதா, கரைகிறதா, நம் பக்கம் நகர்கிறதா என்பது ஒரு படத்தில் தெரியாது, வரிசையில் தெரியும். மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பையும் பாருங்கள். தாமினி செயலி சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழுந்த இடங்களைக் காட்டும். அப்புறம் வெளியே வந்து உங்கள் கண்ணாலும் ஒருமுறை பாருங்கள்.

முடிவெடுப்பவர் ஒரே ஆள். குழுவில் நான்கு பேர் நான்கு விதமாகப் பெற்றோருக்குச் செய்தி அனுப்பினால் குழப்பம்தான் மிஞ்சும். நாங்கள் நான்கேகாலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி இவ்வளவுதான்: “வணக்கம். இன்று மாலை 6.30 நிகழ்ச்சி உண்டு. வானம் மூடினால் பள்ளிக் கூடத்துக்குள் நடக்கும். இடி இருந்தால் மட்டும் ரத்து; 5.45க்குச் சொல்வோம். அழைத்துப் போக 8.30க்கு வரவும்.” வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை மூலம் சொல்லி அனுப்புங்கள். பட்டியலில் முதலிலேயே அவர்களைக் குறித்து வையுங்கள்.

மின்னல் விஷயத்தில் தயங்கவே கூடாது. மின்னல் வெட்டி 30 வினாடிக்குள் இடிச் சத்தம் கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே எல்லோரும் கட்டடத்துக்குள். மரத்தடி, தகரக் கொட்டகை கூடாது. கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்துத்தான் மைதானத்தில் கால் வைக்க வேண்டும்.

7. மூன்று நிரல், மூன்றும் தயார்

வானம் தெளிவு: நிலா, அன்றைக்கு இருக்கும் கிரகம், வெறும் கண்ணால் நட்சத்திரங்கள். வியாழனும் சனியும் மாலையில் தெரியும் மாதம் ஆண்டுதோறும் மாறும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் தேதி போட்டுப் பாருங்கள். பிப்ரவரி மாலையில் கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை எல்லாம் உயரத்தில் இருக்கும். “உங்களில் யார் திருவாதிரை?” என்று கேளுங்கள். கை தூக்கும் பிள்ளைக்கு அந்தச் செந்நிறப் புள்ளியைக் காட்டுங்கள், அடுத்த நாள் வீட்டில் எல்லோரையும் வெளியே கூப்பிட்டுக் காட்டும். தெற்கே அடிவானத்துக்கு மேல் 25 பாகையில் அகத்தியர் என்ற நட்சத்திரம் (கனோபஸ்). வடக்கே துருவ நட்சத்திரம் நம் ஊரில் 12 பாகைதான், கையை நீட்டிப் பிடித்த ஒரு முஷ்டியின் உயரத்தைவிடச் சற்றுக் கூட.

மேகமும் இடைவெளியும்: அதிகம் வருவது இதுதான். தொலைநோக்கியை வேட்டி போட்டு மூடி, நிலாவின் பக்கம் திருப்பித் தயாராக வையுங்கள். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதி உள்ளே, ஒரு பாதி வெளியே. இடைவெளி வந்தால் ஒரு பிள்ளைக்குப் பத்து வினாடி என்று முன்பே சொல்லி வையுங்கள். போன ஜனவரியில் எங்களுக்குக் கிடைத்தது மொத்தம் பதினோரு நிமிடம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, “இட்லித் தட்டு மாதிரி குழி குழியா இருக்கு மிஸ்” என்று ஓடினாள். வரிசையில் நின்ற எல்லோரும் இட்லித் தட்டைப் பார்க்க அவசரப்பட்டார்கள். மேகம் மறுபடி மூடுவதற்குள் 52 பேர் பார்த்துவிட்டார்கள்.

மெல்லிய உயர் மேகமானால் நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டும். அதை விட்டுவிடாதீர்கள். மேலே இருக்கும் பனித்துகள்கள் ஒளியை வளைப்பதால் வருவது அது. நிலாவிலிருந்து 22 பாகையில் வட்டம். கையை நீட்டி விரல்களை விரித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒவ்வொரு பிள்ளையும் கட்டைவிரலை நிலாவில் வைத்துச் சுண்டுவிரல் வட்டத்தைத் தொடுகிறதா என்று பார்க்கட்டும். “அகல் வட்டம் பகல் மழை” என்ற பழமொழியை யாராவது ஒரு தாத்தா சொல்லுவார்.

முழுக்க மூடியது: கூடத்துக்குள். பென்சிலில் குத்திய எலுமிச்சையை நிலாவாகவும், நடுவில் ஒரே ஒரு குண்டு பல்பைச் சூரியனாகவும் வைத்துப் பிறைகளைப் பிள்ளைகளே உண்டாக்கட்டும். அப்புறம் தாழ்வாரத்தில் சூரிய மண்டலம். 14 செ.மீ. அகலமுள்ள ஒரு தேங்காய் சூரியன் என்றால் பூமி ஒரு கேழ்வரகு மணி. அதை 15 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். நிலா அந்த மணியிலிருந்து நான்கு செ.மீ.கூட இல்லை. வியாழன் ஒரு பெரிய கொண்டைக்கடலை, 78 மீட்டரில். அதற்குத் தாழ்வாரம் போதாது, மழை விட்டால் மைதானத்தில் நடந்து காட்டுங்கள். உள்ளங்கையில் ஒரு கேழ்வரகு மணியை வைத்துக்கொண்டு அந்தத் தேங்காயைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையின் முகம் தொலைநோக்கி காட்டியதற்குக் குறைந்ததில்லை. எலுமிச்சை, தேங்காய், கேழ்வரகு மூன்றும் வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பையில் இருக்க வேண்டும்.

8. அன்று மாலை

சூரியன் முழுதாக மறையும் வரை தொலைநோக்கியின் மூடியைக் கழற்றாதீர்கள். பிள்ளைகள் விளையாட்டாகச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டால் கண் போய்விடும். தொலைநோக்கியின் மேல் பொருத்தியிருக்கும் சிறிய தேடுநோக்கிக்கும் மூடி போட்டிருக்க வேண்டும்.

மெட்ராஸ் ஐ பரவும் காலமானால் வாசலிலேயே கண்களைப் பாருங்கள். கண் சிவந்த பிள்ளையை வில்லையருகே விடக் கூடாது. அதே நேரம் அது வருந்தாமல் இருக்க நேரம் பார்க்கும் வேலையைக் கொடுங்கள்.

செருப்பில்லாமல் யாரும் வரக் கூடாது, பாம்புக்காக. பெண் ஆசிரியர் அல்லது பெண் தன்னார்வலர் குறைந்தது இருவர் கடைசி வரை இருக்க வேண்டும். முதலுதவிப் பெட்டி இருக்கும் இடம், 108, அருகிலுள்ள அரசு மருத்துவமனை எண் ஆகியவை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

9. முடிந்ததும்

எட்டரைக்கு நிறுத்திவிடுங்கள், வானம் அப்போதுதான் திறந்தாலும். பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் படிவத்தில் எழுதிய ஆளிடம் ஒப்படைத்து, பெயருக்கு நேரே குறியிடுங்கள். “மாமா வெளிய நிக்கிறாரு” என்றால் மாமா உள்ளே வரட்டும்.

ஒரு நோட்டில் அன்றைய மேகத்தை எழுதி வையுங்கள்: மதியம் 12, மாலை 4, இரவு 7, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. நிகழ்ச்சி இல்லாத நாளிலும் எழுதுங்கள். நான்கு மணிக்கு முடிவெடுக்க எனக்கு இப்போது அதிகம் உதவுவது அந்த நோட்டுதான்.

கடைசிப் பிள்ளை போனதும் ஆபரேட்டர் அண்ணனுக்குப் போன் செய்து தெருவிளக்கைப் போடச் சொல்லுங்கள்.